அருவியில் தண்ணீர் விழுகிறதா? ஒரு பக்கம் மட்டும் மாறும் வலைத்தளம்

ஜூன் பிறந்துவிட்டால் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்குப் போனில் ஒரே கேள்விதான் வரும்: "தண்ணி விழுதா?" அறை இருக்கிறதா, வாடகை எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். மதுரையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் விடிகாலையில் வண்டியைக் கிளப்பும் முன் ஒரு போன். எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவருக்குப் பாளையங்கோட்டையில் வீடு, குற்றாலத்தில் லாட்ஜ். அவருடைய வலைத்தளத்தைச் செய்து கொடுத்தவன் நான். முகப்பு, அறைகள், வாடகை, படங்கள், வரும் வழி என்று ஐந்து பக்கங்கள். ஐந்தும் வலைப்பக்கம் எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லில் கையால் எழுதி ஏற்றிய கோப்புகள். மூன்று வருஷமாக அதில் ஒரு எழுத்து மாறவில்லை, மாற்ற வேண்டிய தேவையும் வரவில்லை.

ஒரு வைகாசிக் கடைசியில் கூப்பிட்டார். "தம்பி, ஒரு பக்கம் மட்டும் நம்ம கையாலயே மாத்துத மாதிரி வச்சித் தாங்க. அருவில தண்ணி எப்படி இருக்குன்னு தெனமும் போட்டுட்டா போன் பாதி கொறையும்லா?"

கேட்டால் அரை நாள் வேலை போலத்தான் தோன்றும். சின்னத் தளங்கள் செய்துகொடுக்கும் எல்லோரிடமும் ஒரு நாள் வந்து சேரும் கோரிக்கை இது. பள்ளிக்கூடம் அறிவிப்புப் பக்கம் கேட்கும், கல்யாண மண்டபம் காலியாக உள்ள முகூர்த்த நாட்களைக் கேட்கும், அண்ணாச்சி அருவியைக் கேட்கிறார். மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும், ஒன்று மட்டும் மாற வேண்டும். இந்த 'ஒன்று மட்டும்' என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

மாறாத தளம் ஒன்றில் நடப்பது மிக எளிய காரியம். சர்வரில், அதாவது தளத்தை வைத்திருக்கும் கணினியில், ஒரு கோப்பு இருக்கிறது, யாராவது கேட்டால் சர்வர் அதை அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. நடுவில் டேட்டாபேஸ் கிடையாது, ஓடுகிற நிரல் கிடையாது, உள்ளே நுழைய லாகின் என்று ஒரு வாசலும் கிடையாது. தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் கணக்கின் பாஸ்வேர்டு பத்திரமாக இருக்கிறவரை தளத்துக்குள் புகுந்து குழப்ப வழி அநேகமாக இல்லை. கவனிப்பார் இல்லாமலே இப்படிப்பட்ட தளங்கள் வருஷக்கணக்கில் ஓடுவது இதனால்தான். அண்ணாச்சி இப்போது கேட்பது ஒரு வாசல். வாசல் வைத்தால் பூட்டு வேண்டும், சாவி வேண்டும், சாவியைத் தொலைத்துவிட்டு இரவு 10 மணிக்குக் கூப்பிடும் ஆளும் கூடவே வந்துவிடுவார்.

நெல்லை டவுனில் பழைய அரிசிக் கடை ஏதாவது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பெயர்ப் பலகை. ஓவியர் வந்து, சாரம் கட்டி, பெயின்ட் அடித்து எழுதிவிட்டுப் போனது. பத்து வருஷம் தாங்கும். கீழே வாசலோரம் ஒரு கரும்பலகை, அதில் சாக்பீஸால் அன்றைய விலை. அதைக் கடைப்பையன் எழுதுகிறான். எழுத்து கோணலாக இருந்தாலும் விலை சரியாக இருக்கும். கரும்பலகையை மாற்ற யாரும் ஓவியரைக் கூப்பிடுவதில்லை. பெயர்ப் பலகையில் கைவைக்க யாரும் பையனை ஏற்றிவிடுவதும் இல்லை. அண்ணாச்சிக்கு வேண்டியது பெயர்ப் பலகைக்குக் கீழே ஒரு கரும்பலகை. நம் தொழிலில் இதற்குச் சொல்லப்படும் விடைகளில் பாதி, பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டுக் கடை முகப்பு முழுவதையும் கரும்பலகை ஆக்கச் சொல்கின்றன. மீதிப் பாதி, பெயின்ட் டப்பாவையும் தூரிகையையும் பையன் கையில் கொடுக்கச் சொல்கின்றன.

வலையின் முதல் உலாவியில் இந்தச் சிக்கலே கிடையாது. டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய உலாவியில் பக்கத்தைப் படிக்கவும் முடியும், அதே சன்னலில் திருத்தவும் முடியும். 1993இல் வந்து உலகம் முழுவதும் பரவிய மொசைக் உலாவி, படிப்பதற்கு மட்டும் என்று ஆகிவிட்டது. எழுதுகிறவன் வேறு, படிக்கிறவன் வேறு என்ற பிரிவு அங்கிருந்து நிலைத்தது. பிறகு வந்தவர்கள் இந்த இடைவெளியைத்தான் ஆளுக்கொரு விதமாக அடைக்கப் பார்த்தார்கள். 1995இல் வார்ட் கன்னிங்ஹாம் செய்த விக்கியில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். 2002இல் மேக்ரோமீடியா நிறுவனம் கான்ட்ரிபியூட் என்றொரு மென்பொருளை விற்றது. வடிவமைப்பாளர் சில பகுதிகளை மட்டும் திறந்துவிடுவார், வாடிக்கையாளர் அந்தப் பகுதிகளில் மட்டும் எழுதுவார். அண்ணாச்சியின் கோரிக்கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆனால் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது, பின்னால் ஒரு கட்டத்தில் அந்த மென்பொருளை நிறுத்திவிட்டது. அதை நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. வெளியார் தரும் திருத்தும் சேவை எதை எடுத்தாலும் இந்த அபாயம் உண்டு. அவர்கள் கடையைச் சாத்தினால் நம் பக்கமும் உறைந்து நின்றுவிடும்.

இன்று எல்லோர் வாயிலும் முதலில் வரும் விடை, திரையிலேயே எழுதித் தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள். 2003இல் பிறந்தது. இன்றைக்கு உலக வலைத்தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வாரம் மூன்று கட்டுரை போடும் பத்திரிகைக்கு அது சரியான கருவி. ஆனால் அருவி நிலவரம் என்ற நான்கு வரிக்காக அதை நிறுவினால், டேட்டாபேஸ் வருகிறது, தோற்றத்துக்குத் தீம் வருகிறது, கூடுதல் வசதிகளுக்குப் பிளகின்கள் வருகின்றன, இவை ஒவ்வொன்றுக்கும் அப்டேட் வருகிறது. வேர்ட்பிரஸ் தளங்களில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளில் மிகப் பெரும்பான்மை பிளகின்களில் இருப்பவை. இதன் லாகின் பக்கத்தின் முகவரி உலகத்துக்கே தெரியும், நாள் முழுக்க எங்கிருந்தோ இயந்திரங்கள் அதன் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். அண்ணாச்சி அப்டேட் பண்ண மாட்டார். நானும் மறந்துவிடுவேன். இரண்டு வருஷம் கழித்து லாட்ஜ் தளத்தைத் திறந்தால் ஏதோ சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு தளத்துக்கு அப்படி நடந்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்ய மூன்று இரவு ஆனது. தனிக் கிளைமுகவரியில் (சப்டொமைன்) வேர்ட்பிரஸை ஒதுக்கி வைத்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் அங்கே ஓட்டுவதும் உண்டு. ஓடும், ஆனால் ஒரே தோற்றத்தை இரண்டு இடத்தில் பராமரிக்க வேண்டும்.

எதிர்க்கோடியில், சர்வருக்குக் கோப்பு ஏற்றும் வழியான எஃப்டிபியின் பாஸ்வேர்டைக் கொடுத்து "இந்தக் கோப்பைத் திறந்து, இந்த வரியை மாத்திக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இதுதான் பெயின்ட் டப்பா வழி. மூடும் குறி ஒன்று அழிந்தால் பக்கத்தின் கீழ்ப்பாதி மேலே ஏறிக்கொள்ளும். போதாக்குறைக்குப் பழைய எஃப்டிபி பாஸ்வேர்டைப் பூட்டாமல் வெறும் எழுத்தாகவே அனுப்பும். இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிப் பேச வேண்டாம்.

டெக்கேப் சிஎம்எஸ் போன்றவை இடைப்பட்ட வகை. சிஎம்எஸ் என்றால் தளத்தின் உள்ளடக்கத்தைத் திருத்தி நிர்வகிக்கும் மென்பொருள். முன்பு நெட்லிஃபை சிஎம்எஸ் என்று இருந்து 2023இல் பெயர் மாறியது. வாடிக்கையாளர் ஒரு திரையில் எழுதிச் சேமிக்கிறார், அது, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் ஒரு பதிவாகப் போய் விழுகிறது, தளம் மறுபடி கட்டப்பட்டு மாறாத கோப்புகளாகவே வெளியே வருகிறது. பழைய பதிப்புகள் அத்தனையும் பத்திரமாக இருக்கும். தொழில்காரன் பார்த்தால் ஆசைப்படும் அமைப்பு. ஆனால் ரிசப்ஷனில் நிற்கும் பையனுக்காக இந்த லாகின் ஏற்பாட்டையெல்லாம் கட்டி, அது உடையும்போது தென்காசிக்கு ஓட நான் தயாராக இல்லை.

கூகுள் ஷீட் வழிதான் என்னைக் கொஞ்சம் தடுமாற வைத்தது. ஒரு ஷீட்டை 'வலையில் வெளியிடு' என்று கொடுத்தால் அது சிஎஸ்வி வடிவில், அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்தாக, ஒரு முகவரி தரும். நம் பக்கத்தில் உள்ள சில வரி ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படித்து உரிய கட்டங்களில் நிரப்பும். அண்ணாச்சிக்கு ஷீட் பழக்கம் உண்டு, வரவு செலவெல்லாம் அதில்தான். கிட்ஹப் பேஜஸ் மாதிரி நிரல் எதுவும் ஓடாத ஹோஸ்டிங்கில் தளம் இருந்தால் இன்றும் இதைத்தான் சொல்வேன். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். மாற்றியது உடனே தெரியாது, சில நிமிஷம் பிடிக்கும். அதைவிட முக்கியம், வெளியிட்ட ஷீட்டை அந்த முகவரி கிடைத்த எவரும் படிக்கலாம். அறை எடுத்தவர்களின் பெயரும் போன் நம்பரும் அதே கோப்பின் அடுத்த தாளில் இருந்து, முழுக் கோப்பையும் வெளியிட்டுவிட்டால் கதை முடிந்தது. அருவிக்குத் தனிக் கோப்பு வைக்க வேண்டும். அண்ணாச்சியின் வரவு செலவு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கேட்ட பிறகு, இந்த வழி அவருக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அப்புறம் அவரோடு உட்கார்ந்து ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன்: தினமும் மாறுவது எது? பக்கம் என்றார். பக்கத்தில் எது? அருவி என்றார். அருவியில் எது? பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றிலும் தண்ணீர் எப்படி என்பது. அதற்கு எத்தனை விதமாகப் பதில் சொல்வீர்கள்? யோசித்துவிட்டு நான்கு சொன்னார்: நல்லா விழுது, சுமார், தண்ணி இல்ல, வெள்ளம் வந்து குளிக்கத் தடை. முடிந்தது. அவர் கேட்டது திருத்தக்கூடிய ஒரு பக்கம், அவருக்குத் தேவையோ மூன்று கேள்வியும் நான்கு பதிலும். வாடிக்கையாளர் பக்கம் என்று சொல்லும்போது பெரும்பாலும் இப்படி ஒரு படிவத்தைத்தான் சொல்கிறார். அவரிடம் வெறும் எழுதுபலகையைக் கொடுத்தால் எழுத்தின் நிறத்தை மாற்றுவார், நடுவில் நிறுத்துவார், சிவப்பில் அடிக்கோடு போடுவார், ஒரு மாதத்தில் அந்தப் பக்கம் திருவிழா நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். படிவத்தைக் கொடுத்தால் தொட்டுவிட்டுப் போய்விடுவார்.

அவருடைய ஹோஸ்டிங்கில், சர்வரில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பி ஏற்கெனவே இருந்தது. அதனால் அமைப்பு இப்படி ஆனது. பாஸ்வேர்டு போட்ட ஒரு படிவம், மூன்று அருவிக்கும் நான்கு நான்கு பொத்தான்கள், கீழே விருப்பம் இருந்தால் எழுத ஒரு சின்ன வரி, 'சேமி' என்றொரு பொத்தான். அதை அழுத்தினால் பிஎச்பி நிரல், வடிவமைத்து வைத்த ஒரு மாதிரிக் கோப்பை எடுத்து, அதன் காலி இடங்களில் பதில்களை நிரப்பி, முழுப் பக்கத்தையும் புதிய எச்டிஎம்எல் கோப்பாக எழுதி வைத்துவிடுகிறது. பார்க்க வருகிறவர்களுக்கு அதுவும் மாறாத பக்கந்தான். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் சர்வர் கோப்பை எடுத்துக் கொடுக்கிறதே தவிர எதையும் ஓட்டுவதில்லை. நாளுக்கு இரண்டு முறை, அண்ணாச்சியின் ஆள் பொத்தானை அழுத்தும்போது மட்டும் நிரல் விழித்துக்கொண்டு ஒரு நொடி வேலை செய்துவிட்டுத் தூங்கிவிடும். எழுதும்போது முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, முழுதாக முடிந்த பிறகே பெயரை மாற்றுகிறது. இல்லாவிட்டால் பாதி எழுதிய பக்கம் யார் கண்ணிலாவது படும்.

பாதுகாப்பில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று உண்டு. வாடிக்கையாளர் எழுதியதை ஒரு பிஎச்பி கோப்பில் சேமித்து, பக்கம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்படி செய்துவிடுகிறார்கள். வேலை சுலபம். ஆனால் அந்தப் படிவத்துக்குள் எவனாவது புகுந்தால், உரைக்குப் பதில் நிரலை எழுதி வைத்துவிடலாம், சர்வர் அதை மறு பேச்சில்லாமல் ஓட்டும். ஒரு வரி எழுதுவதற்காகத் திறந்த வாசல் வழியே வீடே போய்விடும். எழுதியதை எழுத்தாக மட்டுமே வைக்க வேண்டும். கோணல் அடைப்புக்குறி போன்ற குறிகளைச் செயலற்ற எழுத்துகளாக மாற்றிய பிறகே பக்கத்தில் அச்சிட வேண்டும். பொத்தான்களிலிருந்து வருவதையும் நம்பக் கூடாது. வந்த பதில் அந்த நான்கில் ஒன்றுதானா என்று சர்வர் சரிபார்க்க வேண்டும். பாஸ்வேர்டை நேராக எழுதி வைக்காமல் அதன் ஹாஷை, அதாவது திருப்பிப் படிக்க முடியாதபடி உருமாற்றிய வடிவத்தை, மட்டும் வைத்துக்கொள்ள 2013இல் வந்த பிஎச்பி 5.5 முதலே தனி வசதி இருக்கிறது. இவ்வளவும் செய்துவிட்டு ஒரு நாள் லாட்ஜுக்குப் போனேன். ரிசப்ஷன் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் அட்டையில் அந்தப் பாஸ்வேர்டைப் பேனாவால் கொட்டையாக எழுதி வைத்திருந்தார்கள். சரி, அதனால்தான் வாசல் சின்னதாக இருக்க வேண்டும் என்கிறேன். அந்தக் காலண்டரைப் பார்த்த எவனும் அருவி நிலவரத்தை மாற்றலாம், அறை வாடகையை மாற்ற முடியாது.

விருப்ப வரியில்தான் தமிழ் தன் வேலையைக் காட்டியது. வேறு ஊர்க்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இதெல்லாம் இருக்காது. 'குற்றாலம்' என்பது நம் கணக்கில் ஐந்து எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடு கணக்கில் ஒன்பது குறிகள், உகரக் குறியும் புள்ளியும் கால் குறியும் தனித்தனி. யூனிகோடைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, ஆக 27 பைட்டு. வரி நீளத்தைப் பைட்டுக் கணக்கில் வெட்டினால் கடைசி எழுத்து உடைந்து பக்கத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் தெரியும். குறிக் கணக்கில் வெட்டினாலும் புள்ளி மட்டும் போய்க் 'குற்றாலம' என்று நிற்கலாம். எனவே வெட்டவே கூடாது. நீளம் மிஞ்சினால் சேமிக்காமல், சுருக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டாவது வாரம் அந்த வரியில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன. அண்ணாச்சியின் மருமகன் டிடிபி சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்ததை எடுத்து ஒட்டியிருக்கிறார். பாமினி யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும். இப்போது அந்த வரியில் தமிழ் எழுத்தே இல்லாமல் ஆங்கில எழுத்து மட்டும் நிறைய இருந்தால் படிவம் ஏற்றுக்கொள்வதில்லை, போன் கீபோர்டிலேயே அடிக்கச் சொல்கிறது. வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும்போது முன்னும் பின்னும் வரும் நட்சத்திரக் குறிகளையும் நிரலே நீக்கிவிடும்.

தேதி இன்னொரு வேடிக்கை. சர்வரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் இருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். லாட்ஜ் பையன் காலை 5 மணிக்கு அருவிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதிவு செய்தால், சர்வருக்கு அது முந்தின நாள் இரவு 11.30. பக்கத்தில் நேற்றைய தேதி விழுந்தது, "பழசைப் போட்டு ஏமாத்துதியளா" என்று ஒருவர் போனில் சண்டைக்கு வந்துவிட்டார். நிரலில் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று எழுதியதும் சரியாகிவிட்டது. அடுத்து கேஷ். பையன் சேமிக்கிறான், அண்ணாச்சி பாளையங்கோட்டையில் தன் போனில் பார்க்கிறார், பழையதே தெரிகிறது. உலாவி ஒரு முறை எடுத்த கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அதையே திரும்பக் காட்டும். மற்ற ஐந்து பக்கங்களுக்கு அது நல்லது. இந்த ஒன்றுக்கு மட்டும், ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டுவிட்டுத்தான் காட்ட வேண்டும் என்று சர்வர் பக்கத்தோடு அனுப்பும் தலைப்பில் (ஹெடர்) கட்டளை சேர்த்தேன்.

இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய பிழைகள். பழைய தகவல் அப்படியல்ல. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த பள்ளி மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். மலைக்கு மேலே மழை பெய்வது கீழே நிற்பவருக்குத் தெரியாது. 'நல்லா விழுது' என்று நேற்றுக் காலை போட்ட வரி இன்று மாலையும் தளத்தில் நின்றால், அது வெறும் பழைய செய்தி என்று விட்டுவிட முடியாது. தானே திருத்திக்கொள்ளும் பக்கம் கேட்கிறவர்கள் எல்லோரும் முதல் மாதம் தினமும் திருத்துவார்கள். மூன்றாம் மாதம் மறந்துவிடுவார்கள். இது அலட்சியம் அல்ல, இயல்பு. பல பள்ளித் தளங்களில் 'புதிய அறிவிப்பு' என்று நான்கு வருஷத்துக்கு முந்தைய ஆண்டுவிழா மின்னிக்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே இந்தப் பக்கத்துக்கு ஒரு காலாவதி வைத்தேன். பதிவு செய்த நேரம் பக்கத்திலேயே பெரிதாக இருக்கும். பார்ப்பவரின் போனில் ஓடும் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் அந்த நேரத்தையும் இப்போதைய நேரத்தையும் ஒப்பிட்டு, 12 மணி நேரம் தாண்டியிருந்தால் மூன்று பதில்களையும் மறைத்துவிட்டு, "இன்றைய நிலவரம் பதிவாகவில்லை, போனில் கேளுங்கள்" என்று நம்பரைக் காட்டும். குளிக்க அனுமதி உண்டா இல்லையா என்பது அருவிக்கரையில் நிற்கும் காவலர்கள் சொல்வதுதான் என்ற வரி எப்போதும் அழியாமல் கீழே இருக்கும். அதை மாற்றும் பெட்டி படிவத்தில் இல்லை. முதலில் அண்ணாச்சிக்கு இந்தக் காலாவதி பிடிக்கவில்லை. பையன் லீவு போட்ட நாளில் தளம் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்றார். போன் வராமல் இருக்கத்தானே பக்கம் கேட்டேன் என்றும் சொன்னார். அதனால்தான் பையன் இப்போது லீவு போடும் நாளில் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போகிறான்.

படம் ஏற்றும் வசதி கேட்டார், கொடுக்கவில்லை. போனில் எடுத்த ஒரு படமே நான்கைந்து எம்பி வரும். அதைச் சுருக்க வேண்டும், பக்கவாட்டில் சாய்ந்து வந்தால் நிமிர்த்த வேண்டும், உள்ளே மறைந்திருக்கும் இடக்குறிப்பை அழிக்க வேண்டும், படம் என்ற பெயரில் நிரல் கோப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வரி எழுதும் வாசலைவிடக் கோப்பு ஏற்றும் வாசல் பல மடங்கு பெரியது. அருவிப் படம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இருக்கிறது.

போன ஆனியில் திறந்து பார்த்தேன். பேரருவி சுமார், ஐந்தருவி நன்றாக, பழைய குற்றாலம் சுமார். விருப்ப வரியைச் சாரல், கூட்டம், பார்க்கிங் பற்றி எழுதத்தான் வைத்தோம். அன்றைக்கு அதில் இருந்தது: "மங்குஸ்தான் வந்தாச்சு, ரம்புட்டான் அடுத்த வாரம்."